ரோமுலஸ் கூட்டிய திருவிழா

ரோமுலஸ் என்கிற ராஜாவின் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்றுவரை தணியவில்லை. அவன் செத்து இரண்டாயிரத்து எழுநூறு வருஷம் ஆகிறது என்கிறார்கள். அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்றும் படித்தவர்கள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இல்லாதவன் மேல் கோபப்படக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

அறுபதுகளின் கடைசியில் நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். நைனா கவரைப்பேட்டைக்கு வடக்கே ரயில்வே கேட் கீப்பர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருந்ததால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்பா நைனாதான். தண்டவாளத்தை ஒட்டி ஒரே அறை கொண்ட வீடு. நைனா, அம்மா, நான், தம்பி என்று நாலு பேர். கல்கத்தா மெயில் போகும்போது உறியில் இருக்கும் சட்டிகூட ஆடும்.

எங்கள் சரித்திர வாத்தியார் நல்ல மனிதர். கதை சொல்வதில் கெட்டிக்காரர். ரோமாபுரியை ஏழு ராஜாக்கள் ஆண்ட கதையை ஒரு வாரம் முழுக்கச் சொன்னார். ஆற்றில் விடப்பட்ட இரட்டைக் குழந்தைகள், பால் கொடுத்த ஓநாய் என்று ஆரம்பித்தபோது வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பெரியவர்களானதும் அண்ணன் ஒரு ஊரைக் கட்டுகிறான். அவன் எழுப்பிய சுவரைத் தம்பி கேலி செய்து தாண்டிக் குதிக்கிறான். அண்ணன் தம்பியைக் கொன்றுபோடுகிறான். அங்கேயே எனக்கு முதல் கோபம் வந்தது. வீட்டில் என் தம்பி ஒரு நாளைக்குப் பத்து முறை என் பொருளையெல்லாம் தாண்டிக் குதிப்பான். நானா கொன்றேன்?

அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய அநியாயம். ஊர் கட்டியாயிற்று, ஆண்கள் வந்து சேர்ந்தாயிற்று. ஓடிவந்தவன், ஒளிந்துவந்தவன், ஊரால் துரத்தப்பட்டவன் என்று எல்லாருக்கும் இடம். பெண்கள் மட்டும் இல்லை. அக்கம்பக்கத்து ஊர்களில் பெண் கேட்டால், நாடோடிக் கூட்டத்துக்கு எவன் பெண் கொடுப்பான் என்று விரட்டிவிட்டார்கள். ரோமுலஸ் என்ன செய்தான்? ஒரு திருவிழா வைத்தான். குதிரைப் பந்தயம் உண்டு, விருந்து உண்டு, எல்லாரும் குடும்பத்தோடு வாருங்கள் என்று அவனே ஆள் அனுப்பினான். சபைனர்கள் என்கிற பக்கத்து ஊர்க்காரர்கள் நம்பி, பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். எல்லாரும் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ராஜா சைகை காட்டினான். அவன் ஆட்கள் பாய்ந்து, வந்திருந்த பெண்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருத்தன் விசிலடித்தான். வாத்தியாரும் சிரித்துவிட்டார். முன் பெஞ்சில் நாங்கள் ஆறு பெண்கள். ஐந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எழுந்து நின்றேன்.

"சார், அந்தப் பொண்ணுங்க கத்தலையா சார்?"

"கத்தியிருக்கும். ஒக்காரு."

"யாருக்கும் கேக்கலையா சார்?"

"ஒக்காருன்னு சொன்னேன்."

உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அந்தப் பெண்களின் அப்பன்மார்கள் படை திரட்டி வந்ததையும், அதற்குள் கைக்குழந்தைகளோடு இருந்த அந்தப் பெண்களே இரண்டு படைக்கும் நடுவே வந்து நின்று சண்டையை நிறுத்தியதையும், இரண்டு ஊரும் ஒன்றானதையும் வாத்தியார் சொன்னார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். வாரக் கடைசியில் ஏழாவது ராஜாவை ஊரே துரத்திய கதைக்கு வந்தார். ஒரு பெண்ணுக்கு நடந்த அநியாயத்தால்தான் துரத்தினார்கள் என்றார். என்ன அநியாயம் என்று கேட்டேன். "அது பாடத்துல இல்ல" என்றார்.

பரீட்சையில் ரோமுலஸின் பெருமைகளை எழுதச் சொல்லிக் கேள்வி வந்தது. தம்பியைக் கொன்றான், பெண் திருடினான், வேறு பெருமை எனக்குத் தெரியவில்லை என்று எழுதினேன். பத்துக்கு ஒன்று. அந்த ஒன்று கையெழுத்துக்காக என்று வாத்தியார் சொன்னார்.

ஆனால் ஏழு ராஜாக்களின் பெயர்களும் எனக்கு மூச்சுவிடாமல் வரும். ரோமுலஸ், நூமா, துல்லஸ், ஆங்கஸ், தார்க்குவின், செர்வியஸ், மறுபடி ஒரு தார்க்குவின். மூன்றாவதோடு படிப்பை நிறுத்தியிருந்த நைனாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. கேட் மூடியிருக்கும்போது வரிசையில் நிற்கும் லாரி டிரைவர்களிடம் என்னைச் சொல்லச் சொல்வார். அவர்களும் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டுக் கேட்பார்கள்.

இனி என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அக்கா புருஷன். எளாவூரில், செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் வீடு. சொந்தமாக இரண்டு லாரி. கொடுக்கிற கை. எங்களைப் பார்க்க வந்தால் பாக்கெட் நிறைய பெப்பர்மின்ட் இருக்கும். என்னை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்வார். அவரைப் பிடிக்காத குழந்தை எங்கள் உறவில் கிடையாது. நானும் அவர் மேல் உயிராக இருந்தேன்.

அவர் பெரியம்மாவைக் கட்டிக்கொண்ட கதை எங்கள் குடும்பத்துச் சொத்து. எந்த விசேஷத்திலும், சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வரும்போது, யாராவது ஒருத்தர் அந்தக் கதையைக் கேட்பார்கள். அவரும் சலிக்காமல் சொல்வார்.

அப்போது அவர் செங்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் ஊருக்கு லோடு கொண்டுவந்தவர் பெரியம்மாவைப் பார்த்துவிட்டுத் தாத்தாவிடம் பெண் கேட்டார். பெரியம்மாவுக்குப் பதினாறு வயது. "ஊர் ஊரா சுத்தறவனுக்குப் பொண்ணு கிடையாது" என்று தாத்தா சொல்லிவிட்டார். அந்த ஆடி மாதம் எளாவூரில் அம்மன் கோயில் தீமிதி. பெரியப்பா பழைய பேச்சையெல்லாம் மறந்தவர்போல நேரில் வந்து, குடும்பத்தோடு வரவேண்டும் என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். தாத்தாவும் போனார்.

"ஜனமெல்லாம் நெருப்பப் பாத்துக்கினு நிக்குது. நான் இவளப் பாத்துக்கினு நிக்கிறேன். மேளம் ஏறிச்சி பாரு, அப்டியே அலாக்கா தூக்கி லாரில போட்டேன். ஆந்திரா பார்டர் தாண்டித்தான் பிரேக்குல கால வெச்சேன்!"

எல்லாரும் சிரிப்பார்கள். அவர் பெரியம்மா பக்கம் திரும்புவார். "ஒரு சத்தம் போட்டாளா கேளு இவள?"

பரிமாறிக்கொண்டிருக்கும் பெரியம்மா நிமிராமல் சொல்வாள்: "சத்தம் போட்டேன். மேளத்துல கேக்கல."

அதற்குத்தான் சிரிப்பு அதிகமாக வரும். நானும் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் தாத்தாவும் மாமாக்களும் கையில் கழியோடு எளாவூருக்குப் போனார்களாம். அதற்குள் சூலூர்ப்பேட்டையில் ஒரு கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. பெரியம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். தாத்தா அவள் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். "இனிமே இன்னா?" என்றார். பெரியப்பா எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பிவந்தார்கள். சபைனர்கள் தாமதமாகவாவது ஒரு படையைக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார்கள்.

ரோமுலஸ் பாடம் முடிந்த மறுமாதம் பெரியம்மாவின் மகளுக்கு, என் அக்காவுக்கு, மஞ்சள் நீராட்டு. எளாவூரில் வீட்டு முன்னால் பந்தல். மத்தியான நேரம். சாலையில் லாரிகள் செக்போஸ்ட்டுக்காக வரிசைகட்டி நிற்க, பந்தலில் உறவுக்காரர்கள் வரிசையாக இலைபோட்டு உட்கார்ந்திருந்தோம். அன்று பெரியப்பா இலைகளுக்கு நடுவே நடந்துகொண்டே தன் கதையைச் சொன்னார். நெருப்பு, மேளம், லாரி, பார்டர். பெரியம்மா சாம்பார் வாளியோடு நின்றபடி தன் வரியைச் சொன்னாள். பந்தல் சிரித்தது.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அழைத்தவனும் அவன், தூக்கினவனும் அவன். வகுப்பில் கேட்டதும் இதுவும் ஒன்றேதான் என்று மண்டைக்குள் ஏதோ அடித்தது. அந்தக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது: கத்தியிருந்தார்கள். மேளத்தில் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நைனா தன் பெருமையை எடுத்துவிட்டார். "எம் பொண்ணு ரோமாபுரி ராஜா ஏழு பேரையும் மூச்சுவுடாம சொல்லும். சொல்லும்மா."

சொன்னேன்.

"அட்றா சக்க!" என்று பெரியப்பா என் எதிரே குந்தி உட்கார்ந்தார். "அந்த மொத ராஜா இன்னா பண்ணான்? சொல்லு பாப்பா."

தம்பியைக் கொன்றதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். திருவிழாவுக்கு அழைத்ததையும், சைகை காட்டியதையும், பெண்களைத் தூக்கியதையும் சொன்னபோது பந்தல் முழுக்க அமைதியாகக் கேட்டது. பெரியப்பாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. முடிப்பதற்குள் தொடையைத் தட்டி எழுந்துவிட்டார்.

"பாத்தியா! ராஜாவே பண்ணிக்கிறான்! இன்னியிலேருந்து நான் ரோமுலு ராஜாடா!"

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். "ரோமுலு ராஜாவுக்கு ஒரு பாயசம்!" என்று மாமா ஒருத்தர் கத்தினார். பெண் திருடனைப் பற்றி நான் சொன்னது பெண் திருடனுக்கே மாலையாகிவிட்டது. அந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? காது சுட்டது.

"அவன் ராஜா இல்ல" என்றேன். "திருடன். பொண்ணு திருடன். நீயுந்தான் பெரிப்பா."

பாயச வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெரியப்பாவின் சிரிப்பு உடனே போகவில்லை. வாயில் கொஞ்சநேரம் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு போயிற்று. அம்மா எட்டி என் முதுகில் அறைந்தாள். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் என் பக்கம் நிற்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்காகத்தானே பேசினேன்?

பெரியம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"எம் புருசன எம்மூட்டுலயே வந்து திருடன்றியா? எழுந்துரு. எலைய வுட்டு எழுந்துருடி."

சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்திருந்தேன். அத்தனை பேர் பார்க்க எழுந்தேன். பக்கத்து இலையில் நைனா இருந்தார். தன் இலையை மடித்தார். எழுந்து, எனக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். அம்மாவையும் தம்பியையும் அங்கேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். வெயில். வழியெல்லாம் லாரிகளின் புகை. பாதி தூரம் போனதும் நைனா சொன்னார்:

"நீ சொன்னது ஒண்ணும் பொய்யில்ல. சாப்ட்டு முடிச்சிட்டு சொல்லியிருக்கலாம்."

அத்தோடு எளாவூர்க்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. நாங்களும் போகவில்லை. அம்மா என்னால்தான் அக்காவை இழந்ததாக அவ்வப்போது சொல்லிக்காட்டுவாள். எனக்குப் பெரியப்பா மேல்கூட அவ்வளவு கோபம் இருக்கவில்லை. என் கோபமெல்லாம் பெரியம்மா மேல்தான். திருடனைத் திருடன் என்றதற்கு, திருடப்பட்டவளே வந்து இலையை விட்டு எழுப்பினால் யாருக்குத்தான் பொறுக்கும்? சண்டைக்கு நடுவே வந்து நின்ற அந்த சபைனப் பெண்களையும் சேர்த்து வெறுத்தேன். அவர்களுக்காகப் பரீட்சையில் ஒன்பது மார்க்கை இழந்தது வீண் என்று தோன்றியது.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். அறுவடைக் காலம். அம்மா தம்பியையும் கூட்டிக்கொண்டு அறுப்பு வேலைக்குப் போயிருந்தாள். நைனா கேட்டில். பள்ளிக்கூடம் லீவு. நான் வாசலில் நெல்லைக் காயவைத்துக் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தேன். தண்டவாளத்தின் ஓரமாகப் பெரியம்மா தனியாக நடந்து வந்தாள். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை.

நான் எழுந்திருக்கவில்லை. அவளே உள்ளே வந்து உட்கார்ந்தாள். மரியாதைக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கையில் கொடுக்காமல் தரையில் வைத்தேன்.

"அம்மா எங்க?"

"அறுப்புக்கு."

"எப்ப வரும்?"

"பொழுது சாஞ்சிதான்."

தண்ணீரைக் குடித்தாள். பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. எங்கள் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பு, பானை, நைனாவின் கொடிகள், சுருட்டிவைத்த பாய்கள்.

"இதுலயே நாலு பேரும் படுத்துக்கறீங்களா?"

"ஆமா."

"அந்த மூல மழைக்கு ஒழுவுதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடி கட்டிய மெத்தை வீட்டுக்காரி, இரண்டு லாரிக்காரர் பெண்டாட்டி, எங்கள் வீட்டை நோட்டம் விடுகிறாள். "எல்லா மூலையும் ஒழுவும்" என்றேன்.

தலையசைத்தாள். ஒரு கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை காத்திருந்து, பிறகு கேட்டாள்:

"அன்னிக்கு ஒரு ராஜா கத சொன்னியே பாப்பா. அந்தப் பொண்ணுங்கள்ல எவளாச்சும் திரும்பிப் போனாளா? அம்மா ஊட்டுக்கு?"

வாத்தியார் அதைச் சொல்லவில்லை. தெரியாது என்பதுதான் உண்மையான பதில். ஆனால் அந்தக் கேள்விக்காகவே எட்டு மாதம் காத்திருந்ததுபோல என் வாய் தயாராக இருந்தது.

"ஒருத்தியும் போவல. போவ மனசில்ல. ராஜா ஊட்டு சோறு ருசியா இருந்திச்சி. கூட்டிக்கினு போவ வந்தவங்களயும் அவங்களே குறுக்க நின்னு தொரத்தி வுட்டாங்க. உன்ன மாதிரியே."

"அப்டியா எழுதிகுது?"

"ஆமா."

"பின்னால? வயசான அப்பறமாச்சும்?"

"பின்னால போனா யாரு சேத்துப்பாங்க?" என்றேன்.

பெரியம்மா கோபப்படவில்லை. சொல்லப்போனால், யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொள்கிறவள்போல, "ஆங்" என்றாள். எழுந்தபோது பை சரிந்து, உள்ளே இருந்தவை தரையில் விழுந்தன. மடித்த இரண்டு புடவைகள், ஒரு கண்ணாடி, மரச் சீப்பு. சீப்பு என் காலடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"நான் வந்தத அம்மாகிட்ட சொல்லாத" என்றாள்.

எளாவூர் வழியாகப் போகும் கூடூர் பாசஞ்சருக்கு நேரமாகியிருந்தது. நைனாவின் கண்ணில் படாமல் கேட்டுக்கு அந்தப் பக்கமாக இறங்கி, வயல் வரப்பில் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். சற்று நேரத்தில் பாசஞ்சர் வடக்கே போனது. நைனா வழக்கம்போலப் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியம்மா அதற்கப்புறம் சாகும்வரை, இருபது வருஷம், எளாவூரிலேயே இருந்தாள். இரண்டொரு வருஷத்தில் உறவு சேர்ந்தது, போக்குவரத்து வந்தது, அக்காவின் கல்யாணத்தில் பெரியப்பா எனக்குப் பட்டுப் பாவாடை எடுத்துக் கொடுத்தார். அவள் பையோடு வந்த அந்த நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்று வீட்டைவிட்டு வரும்படி என்ன நடந்தது என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது. அவள் செத்த பிறகு அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

ரோமுலஸ் மேல் எனக்கிருக்கும் கோபத்தில் பாதி அவனுக்குச் சேர வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். அவன் ஆட்கள் பெண்களைத் தூக்கிவந்தார்கள். திரும்பிப் போகிற வழியை அடைத்தவர்கள் வேறே. அதில் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தியும் இருந்தாள், கையில் காக்காய் ஓட்டும் குச்சியோடு.

அன்று சாயங்காலம் அம்மா வந்ததும் யாராவது வந்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். மனசு நிறைந்திருந்தது. இலையைவிட்டு என்னை எழுப்பியவளுக்குச் சரியான பதில் கொடுத்துவிட்டேன், அதுவும் சரித்திரத்தைக் கொண்டே கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். மூலை ஒழுகுகிறதா என்று ஒருத்தி கேட்டால், அது வீட்டைக் குறைசொல்வதற்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.